சாமிப் படப் பெட்டிக்குள் வைத்த சீட்டு

போன மாதம் நம் கேபிள்காரர்கள் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேபிள் இணைப்போடு இணையப் படச் சந்தாவும் சேர்த்து விற்கிறவர். "ஐயா, எந்தக் கம்பெனிக்குச் சந்தா கட்டுனா நல்லதுன்னு வீட்டுக்காரங்க நம்மளத்தான் கேக்குறாங்க. இந்த வருசம் ஒருத்தன்கிட்ட இருக்கிற படம் அடுத்த வருசம் இன்னொருத்தன்கிட்ட போயிருது. நாம என்னத்தச் சொல்றது?" என்று கேட்டார். அந்த நேரம் என் வாயில் வடை இருந்தது. பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். அந்தப் பிறகுதான் இது. அவருக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி உங்கள் காலத்தில் பிறந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீடியோ கேசட் காலத்திலேயே இது இருந்தது. பீட்டா என்று ஒரு வகை, வி.எச்.எஸ். என்று ஒரு வகை. பீட்டா கேசட் சிறியது, மற்றது பெரியது. கேசட்டைப் போட்டுத் தொலைக்காட்சியில் படம் பார்க்கிற பெட்டிக்கு டெக் என்று பெயர். ஒரு வகை டெக்கில் மற்ற வகைக் கேசட் நுழையவே நுழையாது. பிற்காலத்தில் கேசட் போய் டி.வி.டி. என்று தட்டு வந்தது. அந்தத் தட்டிலும் இரண்டு கட்சி பிரிந்து, படக் கம்பெனிகள் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றதாகப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் மனைவி என்ன என்று கேட்டாள். பாக்கியம் அக்கா ஞாபகம் வந்தது என்றேன்.

பாக்கியம் அக்காவிடம் வருவதற்கு முன் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் தனி மாவட்டமான புதிது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் எங்கள் வீடியோ லைப்ரரி இருந்தது. கேசட்டை நாள் வாடகைக்குக் கொடுப்போம், டெக்கும் விற்போம். முதலாளி தோல் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு குறைவு, கோபமும் குறைவு. என் தங்கையின் கல்யாணத்தில் என் அப்பா இருந்து செய்ய வேண்டியதையெல்லாம் அவர்தான் நின்று செய்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கேசட்டும் தொலைபேசியும் என் பொறுப்பு.

சண்டை டெக் செய்கிற கம்பெனிகளுக்குள்தான். ஆனால் அந்தச் சண்டையை முடித்துவைத்தவர்கள் மெட்ராஸில் இருந்த படக் கம்பெனிக்காரர்கள். தங்கள் படங்களை எந்த வகைக் கேசட்டில் வெளியிடுவது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எங்களுக்குப் படம் அனுப்பியவை மூன்று கம்பெனிகள். ஒன்று பீட்டா மட்டும், ஒன்று வி.எச்.எஸ். மட்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. புதுப்படத்தில் பாதிக்கு மேல் அவர்களுடையது. அவர்கள் இரண்டு வகையிலும் வெளியிட்டு, யார் பக்கமும் சாயாமல் இருந்தார்கள். அவர்கள் சாய்கிற பக்கம்தான் ஊர் சாயும் என்று தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஆலோசனை கேட்டால், கேட்கிறவர் தலையை ஆட்ட ஆட்ட எனக்குப் பேச்சு கூடும். எரியோட்டிலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள் கூட, "படக்கார தம்பி என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் டெக் வாங்குவார்கள். நான் பீட்டா என்று சொல்வேன். படம் துல்லியம், கேசட் கைக்கடக்கம் என்பேன். அதில் பொய் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் பாய் வாங்கி வைத்திருந்த டெக்குகளில் ஆறு பீட்டா உள்ளறையில் கிடந்தன. அதுவும் பொய் இல்லை. அதை மட்டும் சொல்ல மாட்டேன்.

பாக்கியம் அக்கா சின்னாளப்பட்டிக்காரர். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியைக் கடுகளவு கிள்ளிக் கிள்ளி நூலால் முடிந்து, அப்படி ஆயிரக்கணக்கில் முடிந்த பிறகுதான் சேலை சாயத்துக்குப் போகும். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். கண் மங்கிக்கொண்டு வந்தது. இந்த வேலையை விடாவிட்டால் உள்ள பார்வையும் போய்விடும் என்று மதுரையில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு டிவி இருந்தது. ஒரு டெக் வாங்கிவிட்டால், டிவியையும் டெக்கையும் சேர்த்துக் காதுகுத்து வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் வாடகைக்கு அனுப்பிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அப்போது ஊரில் பலர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எந்த டெக் வாங்குவது என்று கேட்க மூன்று தடவை வந்தார். கடையில் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்ட இரண்டு வகையிலும் ஒவ்வொரு டெக் வைத்திருந்தோம். ஒரே படத்தை இரண்டிலும் போட்டுக் காட்டினேன். அவர் துணி வாங்குகிறவர் மாதிரி முகத்தைத் திரைக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது தம்பி."

"இல்லக்கா, பீட்டா துல்லியம். பாக்குறவங்களுக்குத் தெரியும்."

"அது கெடக்கட்டும். படம் எதுல நெறையா வரும்? இன்னைக்கு மட்டுமில்ல, இனிமேப்பட்டும்?"

தொழில் தெரிந்த எவரும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். மூன்று மாதமாக என்னிடம் டெக் வாங்கியவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. "பெரிய கம்பெனி பீட்டாவ விடவே விடாதுக்கா, நான் சொல்றேன்" என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, வந்தது. பெரிய கம்பெனியில் கேசட் அனுப்புகிற பிரிவில் ஒருவர் இருந்தார். இரண்டு வருடமாக வாரம் ஒருமுறை பேசுவோம். அவர் பெயரை அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. டெஸ்பாட்ச் சார் என்று கூப்பிடுவேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பாதி அவர் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தது. முகத்தைக் கடைசி வரை பார்க்கவில்லை. அன்று அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"சார், இதை நான் சொல்லக் கூடாது. லெட்டர் திங்கட்கிழமை உங்க கைக்கு வரும். தீபாவளியிலேர்ந்து எங்க படம் வி.எச்.எஸ்.ல மட்டும்தான். பீட்டா கிடையாது. யாரையாவது பீட்டா வாங்கச் சொல்லியிருந்தா இன்னைக்கே நிறுத்திடுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் அவர் வேலை போய்விடும். அது தெரிந்தே வாய் திறந்து சொன்னார். அவரைப் பற்றி நான் இன்னொரு தடவை பேசுவேன், அதனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"திங்கக்கெழமை லெட்டர் வரட்டும். அதுவரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது. வெளங்குதா?"

"பாய், சின்னாளப்பட்டி அக்கா சனிக்கெழமை டெக் எடுக்க வாராங்க."

"எடுக்கட்டும். டெக்கு ஓடாமப் போயிருமா? இருக்கிற படம் இருக்குல்ல."

"புதுப்படம் வராம வாடகைக்கு யாரு எடுப்பா பாய்? அவங்க..."

"தம்பி, எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும். அந்த ஆறையும் நான் எங்க கொண்டுபோய்ப் போடுவேன்? நீ வாயத் தொறக்காத. அம்புட்டுத்தான்."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பயந்துவிட்டார். நல்ல மனிதர் பயந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேசினார். பெரிய கம்பெனியின் படத்தை வி.எச்.எஸ்.ஸிலிருந்து பீட்டாவுக்குக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்தவர்கள் ஊரில் இருந்தார்கள். நாங்கள் கம்பெனியின் ஏஜெண்ட். காப்பி எடுத்தால் ஏஜென்சியே போய்விடும்.

வியாழக்கிழமை முழுவதும் ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் பாய்க்குத் துரோகம், சொல்லாவிட்டால் பாக்கியம் அக்காவுக்குத் துரோகம். இதில் பெரிய சங்கடம், அக்காவை பீட்டா வாங்கச் சொன்னது பாய் இல்லை, நான். சின்னாளப்பட்டிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். இறங்கி வீட்டுக்குப் போய் நின்று நான்கு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இதை எழுதுகிற இப்போதும் அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. நான் போகவில்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி எனக்குத் தோன்றியது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். டெக் வாங்குகிறவர்களுக்கு முதல் கேசட் கடையின் அன்பளிப்பு. முதல் படம் சாமிப் படமாகத்தான் இருக்க வேண்டும். கேசட் பெட்டியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, டெக் போவதற்கு முந்தின நாளே அனுப்பிவிடுவோம். முஸ்லிம் வீடு என்றால் மார்க்கப் பாடல் கேசட், அதற்கு அத்தர் தடவுவார் பாய். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு கேசட் போவதெல்லாம் பஸ் கண்டக்டர்கள் கையில்தான். நாங்கள் பேருந்து நிலையத்தில் கொடுத்தால், அவர்கள் அந்தந்த ஊர் நிறுத்தத்தில் டீக்கடையில் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பாக்கியம் அக்காவுக்குப் போக வேண்டிய சாமிப் படத்தை எடுத்தேன். ஒரு துண்டுத் தாளில் எழுதினேன்: அக்கா, டெக் வாங்க வேண்டாம். பெரிய கம்பெனி பீட்டாவை நிறுத்தப்போகிறது. நான் தவறாகச் சொல்லிவிட்டேன். நான் எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். கேசட் திரும்பும் நாளைக் குறித்துக் குறித்துப் பழகிய கை, மேலே தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டது. ரகசியக் கடிதத்துக்குத் தேதியும் கையெழுத்தும் போட்ட ஆள் திண்டுக்கல்லில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தாளை நான்காக மடித்து, பெட்டிக்குள் கேசட்டுக்கு அடியில் வைத்து மூடினேன். குங்குமம் வைத்தேன். ஓடிப் போய்க் கண்டக்டர் கையில் கொடுத்தேன். திரும்பி வரும்போது வழியில் நின்று ஒரு சர்பத் குடித்தேன். அவ்வளவு நிம்மதி.

சனிக்கிழமை காலையில் கடை திறந்ததிலிருந்து மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆனது, வரவில்லை. பத்தரை ஆனது. படித்துவிட்டார், இனி வரமாட்டார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாய் இரண்டு தடவை கேட்டார். "வருவாங்க பாய்" என்றேன். பதினொரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நல்ல சேலை கட்டி, தலையில் பூ இல்லாவிட்டாலும் முகம் நிறைந்து பாக்கியம் அக்கா வந்து நின்றார்.

படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாரா? சண்டைக்கா? பாய் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"கேசட் வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. சாமி மாடத்துல வச்சு வெளக்கேத்தியிருக்கேன்."

"தொறந்து பாத்தீங்களா?"

"டெக்கு வராம எப்படித் தொறக்க? நாளைக்குக் காலைல நல்ல நேரம் பாத்து, டெக்குக்குச் சூடம் காமிச்சுட்டுத்தான் பெட்டியவே தொறக்கணும். தெருவுல எல்லாரையும் கூப்புட்டுருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெக் வாங்காதே என்ற சேதியை, டெக் வாங்கிய பிறகுதான் திறக்கப்படும் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வழக்கத்தை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். எத்தனை பேரிடம், "சூடம் காட்டாம பெட்டியத் தொறக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எல்லாம் முடிந்துபோகவில்லை. டெக்கைத் துடைத்து, ஒயர் சுருட்டி, அட்டைப் பெட்டியில் கட்ட எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அவர் என் எதிரில் நின்றார். நான் பேசினேன். டெக்கை எங்கே வைக்க வேண்டும், தூசி படாமல் எப்படி மூட வேண்டும், மின்சாரம் கூடிக் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினேன். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாம் பேசினேன். பாய் பத்திரிகை படிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

கடைசியில் படிவரை போய், "அக்கா, போனதும் மொதல்ல அந்தப் பெட்டியத் தொறந்து பாத்துருங்க" என்றேன்.

"நல்ல நேரம் நாளைக்கு ஒன்பதுக்குத்தான தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒன்பது மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலைத் தபாலில் கம்பெனி கடிதம் வந்தது. பாய் படித்துவிட்டு மேசையில் விரித்து வைத்தார். "இன்னைக்குத்தான் தெரியும்னு இனிமே எல்லாருக்கும் சொல்லலாம்" என்றார். குரலில் தெம்பு இல்லை. மதியத் தொழுகைக்குப் போனார். அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். பாக்கியம் அக்கா டெக்கைப் பழைய சேலையில் சுற்றி, குடத்தை வைப்பது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். மேசை மேல் வைத்தார். மூச்சு வாங்கியது.

"மொதலாளி இல்லையா?"

"தொழுகைக்குப் போயிருக்காருக்கா. செத்த நேரத்துல வந்துருவாரு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நேத்துத் தெருவே வந்து உக்காந்துருந்துச்சு. சூடம் காமிச்சுப் பெட்டியத் தொறந்தா இது விழுந்துச்சு. கடையிலருந்து ஏதோ வாழ்த்து எழுதிருக்காகன்னு நெனச்சேன். எனக்குத்தான் பொடி எழுத்துத் தெரியாதே. பக்கத்து வீட்டு வாத்தியாரக் கூப்புட்டு, சத்தமாப் படிங்க சார், எல்லாரும் கேக்கட்டும்ன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு படிச்சுட்டாரு."

"அக்கா, நான்..."

"படத்தப் போட்டுப் பாத்தோம். சாமிப் படமாச்சே, பாதில எந்திரிக்க முடியுமா? ஒருத்தரும் பேசல. முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாக." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சனிக்கெழம நான் இந்த எடத்துலதான நின்னேன். நீ எதுத்தாப்புல நின்ன. ரெண்டு மொழம் இருக்குமா? ஒம் வாயி எங்க போச்சு?"

"டீ சொல்றேன்க்கா" என்றேன். அது எவ்வளவு கேவலம் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

"டீ வேணாம். நான் சொல்றதக் கேளு. இதுல வெள்ளிக்கெழம தேதி போட்டுருக்க, கையெழுத்தும் போட்டுருக்க. இத ஒங்க மொதலாளி முன்னாடி வச்சா, தெரிஞ்சேதான வித்தீங்கன்னு நான் நாயம் கேக்கலாம். மாத்தித் தாரேன்னு சொல்லித்தான் ஆகணும் அவரு. ஆனா ஒனக்கு இங்க வேல இருக்காது. காட்டாட்டி எனக்குப் பொழப்பு இல்ல. முடிச்சு வேலைய வேற புள்ளைக்குக் குடுத்துட்டாக, திருப்பிக் கேக்க முடியாது. நீ எனக்கு நல்லது செய்யப் போயித்தான் எழுதுன. அதனால ஒன்னையே கேக்குறேன். காட்டவா, வேணாமா? அவரு வாரதுக்குள்ள சொல்லு."

பணத்தைத் திருப்பித் தா என்று கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு காத்திருந்தார். நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டினால் எடுத்துக் கிழித்துவிடலாம், அவரால் தடுக்க முடியாது என்றுகூட நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நினைத்தேன். என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். பாய் இல்லாமல் இந்த ஊரில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொரு கடையாக எண்ணிப் பார்த்தேன்.

கீழே படியில் பாயின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் இன்னும் கடைகளை எண்ணி முடிக்கவில்லை. அப்போது பாக்கியம் அக்கா செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். தன் உள்ளங்கையைத் தூக்கி அந்தத் தாளின் மேல் வைத்து மூடிக்கொண்டார். பாய் உள்ளே வந்ததும், "வாங்க பாய். ஒண்ணுமில்ல, டெக்குல ஒரு மாதிரி சத்தம் வருது, அதான் தம்பிகிட்டக் காமிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார்.

எனக்காகப் பொய் சொன்னார். தன் பிழைப்பின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, எனக்காகப் பொய் சொன்னார்.

"பாய், டெக்குல சத்தம் இல்ல. அக்கா கைக்குக் கீழ ஒரு சீட்டு இருக்கு. நான் எழுதுனது" என்றேன்.

அக்கா கையை எடுக்கவில்லை. நான்தான் அவர் விரலுக்கு அடியிலிருந்து தாளை உருவிப் பாயிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழமையா?"

"ஆமா பாய். நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தீங்க."

"எங்கிட்டச் சொல்லிட்டு எழுதியிருக்கலாமுல்ல."

"சொன்னா விட்டிருப்பீங்களா பாய்?"

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தார். கீழே பஸ்காரர்கள் ஊர் பெயர் சொல்லிக் கூவுகிற சத்தம் கேட்டது. "விட்டிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, தப்பு ஆயிருச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன். அல்லாவுக்குப் பயந்து சொல்றேன், தெரிஞ்சேதான் குடுத்தேன்." எழுந்து போய், கடையில் போட்டுக் காட்ட வைத்திருந்த வி.எச்.எஸ். டெக்கின் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். "புதுசு வாங்கித் தாரேன். அது வர்ற வரைக்கும் இதக் கொண்டுபோங்க. கடைல போட்டுக் காட்ட இல்லாட்டியும் பரவால்ல."

பீட்டா டெக் ஆறும் என்ன ஆயின என்று கேட்பீர்கள். உள்ளறையிலேயே கிடந்து தூசி பிடித்தன. அதைப் பற்றிப் பாய் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எரியோட்டுக்கும் சாணார்பட்டிக்கும் ரெட்டியார்சத்திரத்துக்கும் நானே பஸ் ஏறிப் போய், என் பேச்சைக் கேட்டு பீட்டா வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் நின்று சொன்னேன். ரெட்டியார்சத்திரத்தில் ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று நின்றேன்.

என்னைப் பாய் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் காலையில் நான் வந்தபோது என் மேசையில் தொலைபேசி இல்லை. அவர் மேசைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் அங்கே வேலை பார்த்தேன். தொலைபேசி திரும்பி என் மேசைக்கு வரவேயில்லை. டெஸ்பாட்ச் சார் பேசினாலும் பாய்தான் எடுப்பார். அவருக்கு ஒரு நன்றி சொல்ல எனக்கு வழியில்லாமலே போனது. தன் வேலையைப் பணயம் வைத்து அவர் ஒரு நிமிடத்தில் வாயால் சொன்ன விஷயத்தை, நான் தாளில் எழுதி, பெட்டியில் வைத்து, குங்குமம் வைத்து, மூன்று நாள் கழித்துத் தெருவே கேட்கும்படி சேர்த்தேன். அவரைப் பற்றி இன்னொரு தடவை பேசுவேன் என்றது இதற்காகத்தான்.

கேள்வி கேட்ட இளைஞருக்கு என் பதில் இதுதான். எந்தக் கம்பெனி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லுங்கள், குடி முழுகிவிடாது. இன்று தெரிந்ததைச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு மாதிரி தெரியவந்தால், அன்றைக்கே அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். செய்தி அனுப்பிவிட்டேன், அவர்கள்தான் திறந்து பார்க்கவில்லை என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அதை என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

பாக்கியம் அக்காவின் தொழில் நன்றாக நடந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வந்து தானே கேசட் எடுத்துப் போவார், கண்டக்டர் கையில் கொடுத்தனுப்ப விடமாட்டார். நான் கேசட்டைக் கொடுத்ததும், மேசை மேலேயே பெட்டியைத் திறப்பார். கேசட்டை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். ஒன்றும் விழாது. பிறகு மங்கின கண்ணைச் சுருக்கி என் முகத்துக்கு ஒரு சாண் அருகில் வந்து பார்ப்பார்.

"எதுவும் சொல்லணுமா தம்பி? இங்கனதான் நிக்கிறேன்."

"ஒண்ணுமில்லக்கா" என்பேன். நம்பினாரா என்று தெரியாது. பதினொரு வருடமும் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் கேட்காமல் போனதில்லை.